ஆண்களுக்கும் உண்டு அந்த ஊசி!

கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி என்றதும், "அது பெண்கள் சமாசாரம்" என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். சற்றுப் பொறுங்கள். அந்த ஊசி ஆண்களுக்கும் உரியது. அதிலும் ஆண்களை விரும்பும் ஆண்களுக்கும், இருபாலரையும் விரும்பும் ஆண்களுக்கும் மிக அவசியமானது.

எச்.பி.வி. என்னும் வைரஸ் உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதாலேயே தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6, 11 ஆகிய வகைகள் மறைவிடத்தில் மருக்களை உண்டாக்கும். 16, 18 ஆகியவை புற்றுநோய் வரை கொண்டுபோகும். கருப்பைவாயில் மட்டுமல்ல, ஆசனவாய், ஆண்குறி, தொண்டையிலும்தான்.

பெண்களுக்குப் போட்டால் போதாதா?

பெண்கள் பெருவாரியாக ஊசி போட்டுக்கொண்டால் அவர்களோடு உறவுள்ள ஆண்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். ஆணோடு மட்டுமே உறவுள்ள ஆணுக்கு அந்த நிழல் எட்டாது. ஆசனவாய்ப் புற்றுநோய் இவர்களுக்கு மற்ற ஆண்களைவிட அதிகம் வருகிறது. எச்.ஐ.வி.யும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

இதை உணர்ந்த இங்கிலாந்து, 2018 ஏப்ரல் முதல் 45 வயது வரையுள்ள இத்தகைய ஆண்களுக்குப் பால்வினை நோய் மருத்துவமனைகளிலேயே இலவசமாக ஊசி போட்டு வருகிறது.

தயக்கம் ஏன்?

போட்டுக்கொள்ளத் தயார் என்று சொல்பவர் பலர், போட்டுக்கொண்டவரோ குறைவு. பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம் இது. டாக்டரே எடுத்துச் சொன்னால் போட்டுக்கொள்வோர் கூடுகிறார்கள். ஆனால் டாக்டர் சொல்ல வேண்டுமானால் அவருக்கு விஷயம் தெரிய வேண்டுமே! நம் டாக்டர்கள் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தாராவியில் பத்துப் பேரோடு ஓர் அறையில் தங்கி வேலை பார்க்கும் பையன் அதற்கு மேல் வாய் திறப்பானா? இங்கே சொன்னது திருநெல்வேலி வரை போய்விடுமோ என்று பயப்படுகிறான். இது குற்றமல்ல என்று 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் விட்டது, ஊர்வாய் விடவில்லை.

ஊசியோ, வைரஸ் உடலில் புகுமுன் போட்டால்தான் முழுப் பயன் தரும். வந்த நோயைக் குணப்படுத்தாது. மனம் திறந்து சொல்லத் துணிச்சல் வருவதற்குள் வயது கடந்துவிடுகிறது. பள்ளிச் சிறுவர் எல்லோருக்குமே ஆஸ்திரேலியா 2013 முதலும், இங்கிலாந்து 2019 முதலும் போடுகின்றன. எல்லோருக்கும் என்றால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நம் நாட்டில்...

புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த 'செர்வாவாக்' ஊசி 2023-இல் விற்பனைக்கு வந்தது. 9 முதல் 26 வயது வரை, ஆண், பெண் இருவருக்கும் போடலாம். 14 வயது வரை இரண்டு தவணை. 15 வயது முதல் மூன்று. அரசுத் திட்டங்கள் பெண் குழந்தைகளை நோக்கியவை. 2018-இல் சிக்கிம் அரசு சிறுமிகளுக்குத்தான் போட்டது. எனவே ஆண்கள் சொந்தக் காசில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று தவணைக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய தொகைதான். ஆனாலும் மூன்றையும் ஒரே நாளில் போடுவதில்லை. ஆறு மாதத்தில் பிரித்துப் போடுவதால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

ரயில் ரிசர்வேஷன் பாரத்தில் வயது என்ன, ஆணா பெண்ணா என்று கேட்கிறோம். எதற்காகப் பயணம் என்று கேட்பதில்லை. இந்த ஊசியும் அப்படித்தான். 26 வயதுக்கு உட்பட்ட எந்த வாலிபரும் "எனக்கு எச்.பி.வி. ஊசி வேண்டும், டாக்டர்" என்று கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனம்விட்டுப் பேச விரும்புவோருக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் 'சுரக்ஷா கிளினிக்' இருக்கிறது. ஆலோசனை இலவசம், பேசியதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது அங்கே விதி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மகளுக்கு இந்த ஊசி போட அழைத்துப் போகும்போது, மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.