ஒரு ரப்பர் பெல்ட் காப்பாற்றிய டுகாட்டி... 'பன்தா' பைக்கின் கதை!

டுகாட்டி என்றால் சிவப்பு நிறமும், பல லட்ச ரூபாய் விலையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், 1980-களின் தொடக்கத்தில் இந்த நிறுவனம் பைக் தயாரிப்பையே கைவிடும் நிலையில் இருந்தது. அப்போது அதைத் தாங்கிப் பிடித்தது 500 சிசி-யில் வந்த ஒரு நடுத்தர பைக். அதன் பெயர் பன்தா.

இத்தாலியின் பொலோனியா நகரில் இருக்கிறது டுகாட்டி தொழிற்சாலை. 1954-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த இன்ஜினீயர் ஃபாபியோ தாலியோனி, பிடிவாதத்துக்குப் பெயர் போனவர். 1972-ல் இமோலாவில் நடந்த 200 மைல் பந்தயத்தில் அவருடைய 750 சிசி இரட்டை சிலிண்டர் பைக்குகள் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. பால் ஸ்மார்ட் முதலிடம், புருனோ ஸ்பஜாரி இரண்டாமிடம். உலகமே திரும்பிப் பார்த்தது.

புகழ் வந்தது... பணம் வரவில்லை!

சிக்கல் இன்ஜினுக்குள் இருந்தது. சாதாரண இன்ஜினில் வால்வை கேம் திறக்கும், ஸ்பிரிங் மூடும். தாலியோனியின் 'டெஸ்மோ' முறையில் திறப்பது, மூடுவது இரண்டுமே கேமின் வேலை. அதிவேகத்திலும் வால்வு தடுமாறாது. ஆனால், அந்த கேமைச் சுழற்ற நீளமான தண்டும் சாய்வுப் பல்சக்கரங்களும் தேவைப்பட்டன. ஒவ்வொன்றின் இடைவெளியையும் மெல்லிய வாஷர்கள் வைத்து, கையால் சரிபார்த்துப் பொருத்த வேண்டும். நேரமும் செலவும் எகிறின.

அப்போது டுகாட்டி அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 'செலவு குறைவான நடுத்தர பைக் வேண்டும்' என்றது நிர்வாகம். இரண்டு சிலிண்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் 350, 500 சிசி பைக்குகள் 1970-களின் நடுவில் வந்தன. இந்த வடிவம் தாலியோனிக்குத் துளியும் பிடிக்கவில்லை. வாங்குபவர்களுக்கும் பிடிக்கவில்லை. பைக்குகள் விற்காமல் தேங்கின.

பெல்ட் செய்த மாயம்

சிக்கனம் வேண்டும் என்ற நிர்வாகத்தின் கோரிக்கையில் தவறில்லை. அதற்கு தாலியோனி தன் வழியில் பதில் சொன்னார். டெஸ்மோவை விடவில்லை, சிலிண்டர்கள் 90 டிகிரியில் விரியும் தன் பழைய அமைப்பையும் விடவில்லை. பல்சக்கரங்களை மட்டும் தூக்கிவிட்டு, பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் போட்டார். தையல் மெஷின் மோட்டாரில் ஓடும் பெல்ட்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பெல்ட் புதிய கண்டுபிடிப்பு அல்ல. கார்களில் ஏற்கெனவே இருந்தது. அதே பொலோனியாவின் மோட்டோ மொரினி நிறுவனமும் தன் 350 சிசி இரட்டை சிலிண்டர் பைக்கில் பயன்படுத்தியிருந்தது.

சத்தம் குறைந்தது, செலவு குறைந்தது, இன்ஜினைப் பொருத்துவதும் எளிதானது. 1977-ல் மிலான் கண்காட்சியில் தலைகாட்டிய பன்தா, 1979-ல் விற்பனைக்கு வந்தது. 499 சிசி இன்ஜின், மெல்லிய குழாய்களைக் கூண்டுபோல் இணைத்த சட்டகத்தில் தொங்கியது.

ஆண்டுக்கொரு பட்டம்

பந்தயத்துக்காக இதிலிருந்து பிறந்ததுதான் 597 சிசி 'டி.டி.2'. இதன் சட்டகம் சுமார் 7 கிலோதான். மொத்த பைக்கும் எரிபொருள் இல்லாமல் 130 கிலோவுக்குள் அடங்கியது. 'டி.டி. ஃபார்முலா 2' பந்தய விதிப்படி இன்ஜின், சாலையில் ஓடும் பைக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 600 சிசி வரை, டூ ஸ்ட்ரோக் என்றால் 350 சிசி வரை அனுமதி. முக்கியப் போட்டியாளர் யமஹா ஆர்.டி.350 எல்.சி. ஆம், நம்மூர் ராஜ்தூத் 350-யின் அதே குடும்பம்தான்!

இந்தப் பிரிவில் 1981 முதல் 1984 வரை தொடர்ந்து நான்கு முறை டுகாட்டியில் உலக சாம்பியன் ஆனார் பிரிட்டனின் டோனி ரட்டர். முதல் பட்டம் வந்தபோது அவருக்கு வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பந்தயங்களில் முக்கியமானது ஐல் ஆஃப் மேன் தீவில் நடப்பது. ஒரு சுற்றே 60 கிலோமீட்டர். ஊருக்குள் ஓடும் சாதாரண சாலை. இரு பக்கமும் கல் சுவர்களும் வீடுகளும். அங்கே குதிரை சக்தி மட்டும் போதாது. எடை குறைவாக, வளைவில் சொன்னபடி கேட்கும் பைக் வேண்டும். அது டி.டி.2-வின் பலம். 1985-ல் பார்சலோனாவின் மோன்ட்ஜுயிக்கில் நடந்த விபத்தில் ரட்டர் பலத்த காயமடைந்தார். அவருடைய மகன் மைக்கேலும் பின்னாளில் பந்தய வீரரானார். ரட்டர் 2020-ல் காலமானார்.

இன்ஜினைத் தேடி வந்தவர்கள்

பட்டங்கள் குவிந்தாலும் தொழிற்சாலையின் நிதி நிலைமை மாறவில்லை. 1983-ல், இத்தாலியின் காஜிவா நிறுவனத்துக்கு இன்ஜின் சப்ளை செய்ய டுகாட்டி ஒப்பந்தம் போட்டது. இனி டுகாட்டி பெயரில் பைக் வராது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், 1985-ல் காஜிவாவின் காஸ்டில்யோனி சகோதரர்கள் தொழிற்சாலையையே வாங்கினார்கள். டுகாட்டி என்ற பெயரையும் பைக்குகளில் தொடரவிட்டார்கள். பன்தா இன்ஜின் இல்லையென்றால், அவர்கள் பொலோனியா பக்கம் வருவதற்குப் பெரிய காரணம் இருந்திருக்காது.

1993-ல் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்ட 'மான்ஸ்டர்', 2015-ல் இந்தியாவுக்கும் வந்த 803 சிசி 'ஸ்கிராம்ப்ளர்' இரண்டின் இன்ஜினுமே பன்தாவின் வாரிசுகள்தான். தாலியோனி 2001-ல் மறைந்தார். அவர் போட்ட பெல்ட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: வண்டி அதிகம் ஓடாவிட்டாலும், குறிப்பிட்ட காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய பன்தா வாங்க வருபவர்கள், 'பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?' என்ற கேள்வியை விடுவதே இல்லை!