27 லட்சம் பேர் எங்கே போனார்கள்?

இந்தியாவில் எத்தனை பேருடைய உடலில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது? 2005-ம் ஆண்டில் 52 லட்சம் பேர் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. 2007-ம் ஆண்டு ஜூலை மாதம் அதே அரசாங்கம் புதுக் கணக்கை வெளியிட்டது. அதில் சுமார் 25 லட்சம் பேர்தான்!

மீதி 27 லட்சம் பேர் எங்கே போனார்கள்? இறந்துவிட்டார்களா? குணமாகிவிட்டார்களா? இரண்டும் இல்லை. கணக்குப் பார்த்த முறைதான் மாறியது.

ஒரு சோறு பதம்

நாட்டில் உள்ள அத்தனை பேரின் ரத்தத்தையும் சோதிப்பது முடியாத காரியம். ஆகவே, சிலரை மட்டும் சோதித்து, அதைக் கொண்டு எல்லோருக்கும் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சிலருக்கு "மாதிரி" என்று பெயர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். ஆனால், அடியில் தீய்ந்த சோற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, பானை முழுவதும் தீய்ந்துவிட்டது என்று சொல்லலாமா?

ஆஸ்பத்திரிக் கணக்கு

பழைய கணக்குக்குப் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில்தான் ரத்தம் எடுத்தார்கள். அங்கு வந்த கர்ப்பிணிகளையும், பால்வினை நோய்க்கு மருந்து வாங்க வந்தவர்களையும் சோதித்தார்கள்.

இதில் என்ன தவறு? ஆந்திராவில் குண்டூர் மாவட்டத்தில் 2004, 2005-ம் ஆண்டுகளில் அது தெரிந்தது. வீடுகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கு இதைப்போல் இரண்டரை மடங்கு இருந்தது! எய்ட்ஸ் கிருமி உள்ளவர்களைத் தனியார் டாக்டர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வந்தது இதற்கு ஒரு காரணம்.

வீடு தேடிப் போனார்கள்

2005, 2006-ம் ஆண்டுகளில் தேசியக் குடும்ப நல ஆய்வு மூன்றாம் முறையாக நடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆண், பெண்களின் சம்மதத்தோடு, விரலில் குத்திச் சில துளி ரத்தம் எடுத்தார்கள். வீடுகளை இஷ்டம்போல் பொறுக்கவில்லை. குலுக்கல் போடுவதுபோல் தேர்ந்தெடுத்தார்கள்.

1,000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் கிருமி இருந்தது!

இதிலும் ஒரு குறை உண்டு. லாரி ஓட்டி ஊர் ஊராகச் செல்பவர்களும், சிறையில் இருப்பவர்களும் வீட்டுக் கணக்கில் விட்டுப்போவார்கள். எனவே, நிபுணர்கள் இரண்டு கணக்குகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். அப்படிக் கிடைத்ததுதான் 25 லட்சம்.

எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை இத்தகைய கணக்கைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். கணக்குத் தவறினால் மருந்து ஓர் ஊரில் தேங்கும். வேறோர் ஊரில் நோயாளி தவிப்பார்.

ஆகவே, பத்திரிகையில் ஒரு கணக்கைப் படித்தால், எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். யாரை, எங்கே சோதித்தார்கள் என்றும் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கதவையும் ஒருநாள் ஆய்வுக்காரர் தட்டலாம். அன்று நீங்கள் சொல்லும் பதில் உங்களுக்காக மட்டும் அல்ல. பல நூறு வீடுகளுக்காக!