வளி மாசும் அளவுகோலும்

2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. மாண்டஸ் சூறாவளி வங்கக் கடலில் நிலைகொண்டிருந்த அவ்வேளையில் காற்றோடு வந்த மாசே அதற்குக் காரணம். அதன் கடுமையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீடுகளே எடுத்துக்காட்டின.

இவ்வளவீடு எவ்வாறு பயன்படுகிறது? 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள்களைக் கருவி கணிக்கிறது. பெறப்படும் 24 மணி நேரச் சராசரி நியமத்துடன் ஒப்பிடப்படுகிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வர்த்தமானியில் வெளியான நியமம் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்போ 15 மட்டுமே. ஆகவே, 40 எனப் பதிவாகும் நாள் ஒரு கணக்கில் குறையற்றது. மற்றதில் இரு மடங்கிற்கும் மேற்பட்டது.

வடகீழ்ப் பருவக்காற்று மட்டக்களப்பு வாவிக்கரையில் கல்லடியென்றும் காத்தான்குடியென்றும் ஏறாவூரென்றும் பிரித்து வீசுவதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சுவாசிப்பது ஒரே காற்றையே. ஆதலால் இப்பிரதேசத்தின் அளவீடு, இரு வரம்புகளையும் சுட்டி, நாள்தோறும் தமிழில் அறிவிக்கப்பட வேண்டுமென நாம் வலியுறுத்துகிறோம். ஆஸ்துமாவுள்ள பிள்ளையை அன்று வெளியே அனுப்பலாமா எனப் பெற்றோர் தீர்மானிப்பதற்கு அவ்விலக்கம் அவசியமாகும்.