பாட்டு கேட்கிறது, மேளம் கேட்கவில்லை
(சொகுசு மகிழுந்தில் சப்வூஃபர் பொருத்துவது பற்றி ஒரு விளக்கம்)

என் தாய்மாமா பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு தம் நெடுநாள் ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். பி.எம்.டபிள்யூ 3 வரிசையில், 2005-ஆம் ஆண்டு அறிமுகமான 'ஈ90' தலைமுறையைச் சேர்ந்த பழைய மகிழுந்து ஒன்றை வாங்கினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

"மருமகனே, காடி நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டு கேக்குது, மேளம் கேக்கலை."

மாமா இளமையில் தோட்டத்தில் உறுமி வாசித்தவர். தைப்பூசக் காவடிகளுக்கு முன்னால் இரவெல்லாம் நடந்து வாசித்துப் பழகிய காது அது. குறை இருக்கிறது என்று அவர் சொன்னால் குறை இருக்கத்தான் செய்யும்.

எனக்கு விடுமுறை கிடைப்பதற்குள் அவர் பொறுமை இழந்து ஒரு கடைக்குச் சென்றுவிட்டார். 12 அங்குல சப்வூஃபர், பெரிய பெட்டி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பொருத்தப்பட்டன. சேமிப்பில் கணிசமான தொகை கரைந்தது. மகிழுந்து அதிர்ந்தது, எண் பலகை கடகடத்தது. மூன்றாம் நாள் காலையில் பேட்டரி தீர்ந்து வண்டி கிளம்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மாமா சொன்னது ஒரே வாக்கியம்: "இது மேளம் இல்லடா, இடி."

மேளத்துக்கும் இடிக்கும் என்ன வேறுபாடு? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன். மின்னியல் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

தாழொலியின் இயல்பு

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். இந்த அடிப்பகுதியை மட்டும் ஒலிக்கச் செய்யும் கருவியே சப்வூஃபர். தமிழில் தாழொலிபெருக்கி எனலாம்.

தாழொலியை எழுப்புவது எளிதன்று. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது எட்டரை மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு நீண்ட அலையை உண்டாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கதவுக்குள் அடங்கும் சிறிய ஒலிபெருக்கியால் அது இயலாது.

நம் செவியும் இதில் ஒரு தடை. 1933-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர், தாழ்ந்த ஒலிகளுக்குச் செவி மிகவும் மந்தமானது என்று அளந்து காட்டினர். இன்றைய அனைத்துலகத் தர அளவின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் அதே உரப்பில் 40 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமென்றால் அது 80 டெசிபலைத் தாண்ட வேண்டும். மெதுவாகப் பாட்டு வைக்கும்போது முதலில் மேளம் காணாமல் போவது இதனால்தான். ஓடும் வண்டியில் சக்கரமும் காற்றும் எழுப்பும் இரைச்சல் மிச்சத்தையும் விழுங்கிவிடுகிறது.

சொகுசு வண்டியிலும் ஏன் இந்தக் குறை?

இவ்வளவு விலையுள்ள வண்டியில் இந்தக் குறையை ஏன் விட்டுவைத்தார்கள் என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். உண்மையில் அவர்கள் கவனிக்காமல் விடவில்லை. ஈ90 வண்டியில் முன்னிருக்கைகள் இரண்டின் அடியிலும் தாழொலிக்கென்றே தனி ஒலிபெருக்கிகள் உண்டு. ஆயினும் அவை எடையும் இடமும் பார்த்து அளவாக வைக்கப்பட்டவை.

மேலும், தொழிற்சாலை அமைப்பு ஒரு கூட்டுக் குடும்பம் போன்றது. எந்த ஒலிபெருக்கிக்கு எந்தப் பகுதி என்று முன்பே பங்கு பிரித்துவிடுகிறார்கள். கதவுக்குச் செல்லும் வழியில் தாழொலி வடிகட்டப்படும். பல சொகுசு வண்டிகளில், ஒலியளவைக் கூட்டக் கூட, சிறிய ஒலிபெருக்கிகள் கிழிந்துவிடாமல் இருக்க, தாழொலியை அமைப்பே தானாகக் குறைத்துக்கொள்ளும். எனவே பழைய மகிழுந்துகளில் செய்ததுபோல் வானொலியைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிட முடியாது. திரை, தொலைபேசி, எச்சரிக்கை மணி எல்லாம் ஒரே பின்னலில் இருக்கின்றன. 2001-இல் வெளிவந்த 7 வரிசை முதல் பி.எம்.டபிள்யூ வண்டிகளில் 'மோஸ்ட்' என்ற ஒளியிழைப் பின்னலும் வந்துவிட்டது. அத்தகைய உயர்வகை அமைப்பில் பாட்டு ஒளியாகவே ஆம்ப்ளிஃபையரை வந்தடைகிறது. நடுவில் வெட்டி இணைக்க அங்கே செப்புக் கம்பியே இல்லை.

குடும்பத்தைக் கலைக்காமல் புதியவர் ஒருவரைச் சேர்ப்பதே நம் வேலை.

ஒலியை எங்கிருந்து எடுப்பது?

கடையில் நடந்த முதல் பிழை இங்கேதான். பின்பக்க ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி கைக்கு எட்டியது என்பதற்காக அதிலிருந்து ஒலியை எடுத்திருந்தார்கள். அந்த வழியில் தாழொலி ஏற்கெனவே வடிகட்டப்பட்டிருந்தது. இல்லாத ஒன்றை ஈடுகட்ட, புதிய ஆம்ப்ளிஃபையரில் 'பேஸ் பூஸ்ட்' குமிழை முழுதும் திருப்பிவிட்டார்கள். அந்தக் குமிழ் தாழொலி முழுவதையும் சமமாக உயர்த்துவதில்லை. பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சிறு பகுதியை மட்டும் தூக்கிவிடும். அதனால் எந்தப் பாட்டைப் போட்டாலும், எந்தத் தாளம் வந்தாலும், ஒரே சுருதியில் 'தும் தும்' என்றது. மாமா இடி என்றது இதைத்தான்.

மாமாவின் வண்டியில் தொழிற்சாலை ஆம்ப்ளிஃபையர் பின்பெட்டியின் இடப்புறத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. இருக்கையடி ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் கம்பிகளை அங்கேயே கண்டுபிடித்து, அவற்றிலிருந்து கிளை எடுத்தோம். முழுமையான தாழொலி இருக்கும் இடம் அதுதான். ஒலிபெருக்கிக் கம்பியில் வரும் மின்னழுத்தம் சாதாரண ஆம்ப்ளிஃபையரின் நுழைவாய்க்கு மிக அதிகம். ஒன்று அதைக் குறைத்துத் தரும் மாற்றி வேண்டும், அல்லது ஒலிபெருக்கிக் கம்பியையே நேரடியாக ஏற்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். நாங்கள் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஓர் எச்சரிக்கை: இவ்வகை அமைப்புகளில் ஒலிபெருக்கியின் இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் இருக்கும். அவற்றில் ஒன்றை வண்டியின் உடலோடு இணைத்தால் தொழிற்சாலை ஆம்ப்ளிஃபையர் பழுதாகலாம்.

மின்சாரம்: தீயோடு விளையாடாதீர்

300 வாட் தரும் 'டி' வகை ஆம்ப்ளிஃபையரின் திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், அது 375 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் இது ஏறக்குறைய 27 ஆம்பியர். பாட்டு எப்போதும் உச்சத்தில் இராது என்றாலும் கம்பி அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும். சுமார் 8 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதுமானது. ஈ90 வண்டியில் பேட்டரி பின்பெட்டியிலேயே இருப்பதால் நீண்ட கம்பி இழுக்கும் தொல்லை இல்லை. அதற்காக ஃபியூஸ் வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. பேட்டரிக்கு மிக அருகில், அரை மீட்டருக்குள், ஃபியூஸ் அமைய வேண்டும். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காக இல்லை. கம்பி எங்காவது உரசி உலோகத்தைத் தொட்டால் வண்டி தீப்பற்றாமல் காப்பதற்காக.

கடையின் இரண்டாவது பிழை, ஆம்ப்ளிஃபையரை விழிக்கச் செய்யும் கம்பியை எப்போதும் மின்சாரம் இருக்கும் முனையில் இணைத்தது. வண்டி உறங்கினாலும் ஆம்ப்ளிஃபையர் உறங்கவில்லை. மூன்றாம் நாள் பேட்டரி தீர்ந்ததற்கு இதுவே காரணம். பாட்டு ஒலிக்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் வகையில் அதை மாற்றினோம்.

மூன்றாவது பிழை கண்ணுக்குத் தெரியாதது. இந்த வண்டியில் பேட்டரியின் எதிர்முனையில் ஓர் உணரி அமர்ந்திருக்கிறது. எவ்வளவு மின்சாரம் வெளியேறுகிறது, உள்ளே வருகிறது என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபையரின் எதிர்க்கம்பியை நேராக அந்த முனையிலேயே முறுக்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் நாம் செலவழிக்கும் மின்சாரம் கணக்கில் வராது. எதிர்க்கம்பியை வண்டியின் உடலில், பெயிண்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில்தான் இறுக்க வேண்டும்.

இருக்கையைக் கழற்ற நேர்ந்தால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். இருக்கையடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை. பேட்டரியைத் துண்டித்துச் சிறிது நேரம் காத்திருக்காமல் அவற்றைத் தொடவே கூடாது.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பெரிய பெட்டிதான் பெரிய ஒலி தரும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. மகிழுந்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். ஒலியின் அலைநீளம் வண்டியின் உட்புறத்தைவிடப் பல மடங்கு நீளும்போது, அலை அங்கே பரவிச் செல்வதில்லை. உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தித் தளர்கிறது. அதனால் தாழச் செல்லச் செல்ல ஒலியழுத்தம் தானாகவே உயர்கிறது. மூடிய பெட்டியில் உள்ள சப்வூஃபரின் ஒலியோ தாழச் செல்லச் செல்லக் குறைகிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, இரண்டும் ஏறத்தாழச் சமன்படுகின்றன. வீட்டில் மெலிந்து ஒலிக்கும் சிறிய மூடிய பெட்டி, வண்டிக்குள் ஆழமாக ஒலிப்பதன் இரகசியம் இதுவே.

ஆகவே 12 அங்குலப் பெட்டியை எடுத்துவிட்டு, 20 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டியில் 10 அங்குல சப்வூஃபரை வைத்தோம். மாமாவுக்குப் பின்பெட்டியில் பாதி இடம் திரும்பக் கிடைத்தது.

செடான் வகை வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. பின்பெட்டிக்கும் இருக்கைக்கும் இடையே உலோகத் தடுப்பு இருக்கிறது. ஒலி உள்ளே வராமல் பின்பெட்டியை மட்டும் உலுக்கும். நல்ல வேளையாக, மாமாவின் வண்டியில் பின்னிருக்கைக் கைதாங்கிக்குப் பின்னால் நீளமான பொருள்களை நுழைப்பதற்கான திறப்பு ஒன்று இருந்தது. பெட்டியை அதை நோக்கித் திருப்பி வைத்தோம். எண் பலகைக்குப் பின்னால் மெல்லிய நுரை ஒட்டியதும் கடகடப்பு நின்றது.

கடைசி வேலை: கேட்பது

உறுமியில் விழும் ஓர் அடியை எண்ணிப் பாருங்கள். கோல் தோலைத் தொடும் கூரிய ஓசை உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அது கதவிலிருந்து வருகிறது. அதன் அடியில் உருளும் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அதன் ஆழ்ந்த பகுதி சப்வூஃபரிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே கணத்தில் செவியை அடைந்தால்தான் அது மேளம். பிரிந்து வந்தால் ஒரு தட்டல், பிறகு ஓர் இடி. மேளம் எந்த ஓர் ஒலிபெருக்கியிலும் தனியே இல்லை.

எனவே சப்வூஃபர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒலிக்குமாறு வடிகட்டியை வைத்தோம். அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று செவியால் எளிதில் கண்டுகொள்ள இயலாது. பின், ஆம்ப்ளிஃபையரில் உள்ள கட்டம் மாற்றும் பொத்தானை இரு நிலைகளிலும் வைத்து ஒரே பாட்டைக் கேட்டோம். ஒரு நிலையில் சப்வூஃபர் முன்னே தள்ளும்போது இருக்கையடி ஒலிபெருக்கி பின்னே இழுத்தது, மேளம் மெலிந்தது. மறுநிலையில் இரண்டும் சேர்ந்து தள்ளின, மேளம் நிமிர்ந்தது. அந்த நிலையிலேயே விட்டோம். ஒலியளவைப் படிப்படியாகக் கூட்டி, சப்வூஃபர் தனியாகக் கேட்கத் தொடங்கிய இடத்திலிருந்து சற்றுக் குறைத்தோம். 'பேஸ் பூஸ்ட்' குமிழ் சுழியத்தில் நின்றது.

இந்த வேலைக்கு ஒரு பிற்பகல் முழுதும் பிடித்தது. கம்பி இணைத்த நேரத்தைவிடக் கேட்ட நேரமே அதிகம். கடைக்காரர் பொருளைக் குறைவாகத் தரவில்லை. கேட்பதற்குத்தான் நேரம் ஒதுக்கவில்லை.

வேலை முடிந்ததும் மாமா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தம்மிடமிருந்த பழைய உறுமி மேளப் பதிவு ஒன்றைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் ஸ்டீயரிங்கில் தாமாகத் தாளமிட்டன. பாட்டு முடிந்ததும் திரும்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்டா, அந்தப் பெட்டிய எடுத்துட்டியா? சத்தமெல்லாம் முன்னாலருந்து வருதே."

நண்பர்களே, நன்றாகப் பொருத்தப்பட்ட சப்வூஃபருக்கு இதைவிட வேறு சான்றிதழ் தேவையில்லை. உங்களில் பலர் நாளை பட்டம் பெற்று, முதல் சம்பளத்தில் மகிழுந்துக்கு ஏதாவது வாங்கிப் பொருத்த எண்ணுவீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கடைக்குச் செல்லுமுன் நீங்கள் நன்கு அறிந்த ஒரு பாட்டைப் போட்டு, அதில் எது குறைகிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். குறைவதை மட்டும் சேருங்கள். நிறைவு அங்கேதான் இருக்கிறது.