வெயில் காலத்தில் ஒட்டகத்துக்கு உரோமம் எதற்கு?

மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் குளிர்காலம் வந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கிவிடும். கோடையிலோ 40 டிகிரி வெயில் கொளுத்தும். அங்கே வாழும் இரட்டைத் திமில் ஒட்டகம் இரண்டையும் தன் உரோமத்தை வைத்தே சமாளிக்கிறது.

அதன் குளிர்கால உரோமம் இரண்டு அடுக்கு. வெளியே நீளமான முரட்டு முடி. அதை விலக்கினால் உள்ளே மிக மெல்லிய முடி நெருக்கமாக வளர்ந்திருக்கும். அந்த இடுக்குகளில் காற்று சிக்கிக்கொள்ளும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் ஒட்டகத்தின் உடற்சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது.

வசந்த காலம் வந்ததும் இந்த உரோமம் உதிரத் தொடங்கும். கழுத்திலும் விலாவிலும் கிழிந்த கம்பளம் போலக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பார்ப்பவர்கள் ஐயோ, நோய் வந்துவிட்டதோ என்று பதறுவார்கள். நோய் இல்லை, பருவம் மாறுகிறது, அவ்வளவுதான்! மேய்ப்பர்கள் அந்த முடியைச் சேகரித்து நூல் நூற்கிறார்கள், கயிறு திரிக்கிறார்கள். குளிர்காலத்துக்குள் புது உரோமம் அடர்ந்துவிடும்.

அப்படியானால் கொதிக்கும் சகாராவில் வாழும் ஒற்றைத் திமில் ஒட்டகம் கோடையில் மொட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால், வெயில் நேரே விழும் முதுகில் அது உரோமத்தை விடாமல் வைத்திருக்கிறது. காரணம் என்ன?

க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி 1950களில் அல்ஜீரியாவுக்குப் போய் இதை ஆராய்ந்தார். ஓர் ஒட்டகத்தின் உரோமத்தைக் கத்தரித்துவிட்டு, அது எவ்வளவு நீரை இழக்கிறது என்று அளந்தார். உரோமம் உள்ள ஒட்டகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! கடும் வெயிலில் உரோமத்தின் மேற்பரப்பு 70 டிகிரி வரை சூடேறினாலும், அடியில் தோல் 40 டிகிரி அளவில்தான் இருக்கும். உரோமம் இல்லாவிட்டால் அந்த வெயில் நேராகத் தோலைத் தாக்கும்; உடம்பைக் குளிர்விக்க ஒட்டகம் இன்னும் அதிகமாக வியர்த்தாக வேண்டும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் அது ஆபத்து.

ஆக, உரோமம் தானாகச் சூடு தருவதில்லை. வெப்பம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதைத் தடுக்கிறது. நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றி வையுங்கள், மற்றதைத் திறந்து வையுங்கள். எது முதலில் உருகுகிறது?