எஞ்சின் கழுவப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!



தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா என்று ஏதாவது வந்துவிட்டால், வீட்டுக்குச் சாயம் அடிப்பது ஒரு வேலை, காரைக் கழுவுவது இன்னொரு வேலை. வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்த பிறகும் சிலருக்கு மனம் ஆறாது. பானட்டைத் திறந்து எஞ்சினையும் கழுவத் தொடங்கிவிடுவார்கள். நல்ல காரியந்தான். அழுக்குப் போனால் எண்ணெய் எங்கே ஒழுகுகிறது, எந்த ஒயரை எலி கடித்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

"சுகாதாரப் பக்கத்தில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2016-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தின நாள், மாலை நேரம். பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை அவர் மனைவி மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து என் மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார். டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்த கையோடு அவர் பானட்டைத் திறந்திருக்கிறார். ரேடியேட்டர் மூடியைச் சுற்றி அழுக்கு. ஒரு துணியைப் போட்டு மூடியைத் திருகியிருக்கிறார். கொதி தண்ணீர் பீறிட்டு அடித்துவிட்டது. வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. அதன்மேல் கறுப்பாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

"டிரெசர் ஐயா, எரிச்சல் அடங்கட்டும்னு கிச்சாப் ஊத்துனேன்" என்றார் அந்த அம்மா.

அந்தக் கிச்சாப்பைக் கழுவி எடுப்பதற்குள் அவர் பட்ட வேதனையை நான் இன்னும் மறக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் அவரால் வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. எஞ்சினில் அழுக்கு இருந்ததால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. அவசரத்தால் வந்தது. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சூடு ஆறட்டும்

ஓடிவந்த எஞ்சினில் ரேடியேட்டர் தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதனால் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். அத்தனையும் ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி மேலே வரும். ஆவி அடங்காத பிரஷர் குக்கரை யாராவது திறப்பார்களா? இதுவும் அப்படித்தான்.

ஆகவே, எஞ்சினைக் கழுவும் நாளில் காலையில் காரை எடுக்காதீர்கள். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையிலேயே கழுவுங்கள். கழுவுவதற்கு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் மின்விசிறி தானாகச் சுழலும்; விரல் போய்விடும். தோளில் துண்டு, கையில் மோதிரம், கடிகாரம், தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய சப்பாத்து இருக்கட்டும். சிறுபிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம்

"பெட்ரோல் ஊத்தினா ஒரே நிமிஷத்துல கிரீஸ் எல்லாம் போயிரும்" என்பார்கள். போகும், கூடவே வீடும் போகலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்தில் ஒரு சிகரெட், கொசுவர்த்தி, சாமி விளக்கு இருந்தால் போதும். பேட்டரியில் கிளம்பும் சிறு பொறியே போதும். தோலில் பட்டால் அதிலுள்ள எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். கை வறண்டு வெடித்துப் புண்ணாகும். பெட்ரோலில் கை கழுவும் பழக்கமும் இதனால்தான் கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புல் வெட்டும் இயந்திரத்துக்கென்று வாங்கிய பெட்ரோலைச் சிலர் ஆரஞ்சுப் பானப் போத்தலில் ஊற்றி வைப்பார்கள். அப்படி வைத்ததை மூன்று வயதுப் பிள்ளை ஒன்று குடித்துவிட்டது. பாட்டி பதறிப்போய் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். வாந்தியோடு பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விட்டது. மாவட்ட மருத்துவமனையில் பல நாள் வைத்திருந்துதான் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் தண்ணீர், களைக்கொல்லி எதையும் குடிக்கிற போத்தலில் வைக்காதீர்கள். அந்தப் பச்சைத் தண்ணீர் இனிக்கும். அதனால் பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து.

கழுவும் முறை

1. காரை வெட்டவெளியில், சமதரையில் நிறுத்துங்கள். கிணற்றுப் பக்கமோ பிள்ளைகள் விளையாடும் கால்வாய்ப் பக்கமோ வேண்டாம்.

2. பேட்டரியின் கழித்தல் குறி உள்ள ஒயரை முதலில் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்டுங்கள். பேட்டரியிலிருந்து வெடிக்கக்கூடிய வாயு வரும்; அருகில் புகை பிடிக்காதீர்கள். முனையில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளை வெறுங்கையால் சுரண்டாதீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி சோடா மாவு கரைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். அது பேட்டரிக்குள் இறங்கக்கூடாது.

3. பேட்டரி, ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, காற்று இழுக்கும் குழாய், பழைய கார் என்றால் டிஸ்டிரிபியூட்டர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

4. காய்ந்த இலைகளை அள்ளுங்கள். எலிக்கூடு இருந்தால் அப்படியே கூட்டித் தள்ளாதீர்கள், தூசி பறக்கும். முகத்தை மூடிக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டு, கையுறையோடு எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். எலியின் சிறுநீர், தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் நோயைக் கொண்டுவரும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் வந்தால், "எலிக்கூட்டைத் தொட்டேன்" என்று மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

5. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, தூரிகையால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பிறகு மெதுவாக விழும் தண்ணீரில் அலசினால் போதும். அழுத்தப் பம்பு வேண்டாம். அது ஒயருக்குள் தண்ணீர் ஏற்றும். கையில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தியதுபோல் சிறு துளைதான் தெரியும். வலிகூட முதலில் அதிகம் இருக்காது. அலட்சியம் செய்தால் விரலையே எடுக்கவேண்டி வரும். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

6. பைகளை எண்ணி எடுங்கள். துணி எதுவும் உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். பானட்டைத் திறந்தபடி ஓரிரு மணி நேரம் நன்றாகக் காயவிடுங்கள். பேட்டரியைப் பூட்டி, வெட்டவெளியில் எஞ்சினைக் கிளப்புங்கள். மூடிய கொட்டகைக்குள் வேண்டாம். எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைச் சாய்த்துவிடும்.

அப்படியும் ஏதாவது நேர்ந்தால்

சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். கிச்சாப், பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கொண்டுவாருங்கள். முகம், கை, மறைவிடம் வெந்தாலும், பிள்ளைகளுக்குச் சுட்டாலும், காயம் உள்ளங்கை அளவைவிடப் பெரிதானாலும் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

பேட்டரி அமிலம் கண்ணில் தெறித்தால், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் மற்றக் கண்ணில் வழியாதபடி தலையைச் சாயுங்கள். கண்ணில் சோடா மாவு போடாதீர்கள். கழுவிய பிறகு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தோழர்களே! அந்தத் தீபாவளிக்கு அவருடைய பிள்ளைகள் புதுத் துணி உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கார் வீட்டு வாசலில் அழுக்காகவே நின்றது. கழுவாத எஞ்சின் அடுத்த வாரமும் ஓடும். வெந்த கைக்கு விடியற்காலையில் பிரட்டுக்குப் போக முடியாது. ஒரு ராத்திரி பொறுங்கள், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், முழுக் கையோடு திருநாள் கொண்டாடுங்கள்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்