மூட்டையை அவிழ்த்தால்தான் வீடு வீடாகும்

வீட்டை அலங்கரிப்பது என்றவுடன் அது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணிவிடுகின்றோம். பேலியகொடைப் பகுதியில் வீடுவீடாகச் சென்று பெண்களைச் சந்திப்பது எனது வேலை. புதிதாகக் குடிவந்த வீடுகளில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "இருக்க ஒரு இடம் கிடைச்சதே பெரிசு, இதுக்குள்ள என்ன அலங்காரம்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலில் நியாயம் இருக்கின்றது. ஆனாலும் சகோதரிகளே, அந்தப் பதிலோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

குடிவந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிறகும் பல வீடுகளின் மூலையில் கட்டிய மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. நல்ல உடுப்பு பெட்டியில், நல்ல பாத்திரம் சாக்கில். சுவரில் ஒரு கலண்டரைத் தவிர வேறொன்றும் இல்லை. வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் காரணம் கேட்டேன். "எப்ப எழும்பச் சொல்லுவாங்களோ தெரியாது பிள்ளை. அவிழ்த்து என்ன செய்யிறது?" என்றார்.

இது சோம்பல் அல்ல, அனுபவம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. 2009இல் வன்னி மக்கள் கையில் கிடைத்த பையோடு முகாம்களுக்கு வந்தார்கள். இத்தனையையும் கண்ட ஒரு பெண்ணின் கை சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவது இயல்பே. ஆனால் மூட்டைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு வீடும் ஒரு பஸ் நிலையம் போலத்தான் தோன்றும். வீட்டை அழகாக்குவது என்பது, "நாங்கள் இங்கே வாழப்போகின்றோம்" என்று நமக்கே சொல்லிக்கொள்வதாகும். அதற்கு அதிகம் காசும் தேவையில்லை.

முதலில் ஒரு மூட்டை

எல்லாவற்றையும் ஒரே நாளில் அவிழ்க்க வேண்டாம். வாரம் ஒன்றாக அவிழ்த்து, அதிலுள்ள பொருட்களுக்கு நிரந்தரமான ஓர் இடம் கொடுங்கள். மெனிங் சந்தையும் இப்போது பேலியகொடைக்கு வந்துவிட்டதால் பழம் வரும் மரப்பெட்டிகளைத் தேடி வாங்கலாம். ஆணிகளைப் பிடுங்கி, மண்கடதாசியால் தேய்த்து, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டினால் பாத்திரத் தட்டு ஒன்று தயார்.

ஒரு பையை மாத்திரம் கட்டியே வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி போன்றவற்றைத் தண்ணீர் புகாத பையில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். களனி ஆறு பக்கத்தில் ஓடுகின்றது. 2016 மே மாத வெள்ளத்தில் கரையோர வீடுகள் பட்ட பாட்டை மறக்க முடியாது.

சுவரும் வெளிச்சமும்

இங்குள்ள வாடகை வீடுகள் பல நெருக்கமானவை. வெளிச்சம் குறைவு, ஈரம் அதிகம். கறுத்த பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் தட்டினால் அது காற்றில் பறந்து மூச்சுக்குள் போகும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

வெறும் சீமெந்துச் சுவருக்குச் சுண்ணாம்பு மிக மலிவானது. அது சுவரை வெளிச்சமாக்குவதோடு பூஞ்சணம் வளர்வதையும் தடுக்கும். மங்கலாக ஏற்கெனவே பெயின்ற் அடித்த சுவரில் அது பிடிக்காது, உரிந்துவிடும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரில் போட்டதும் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுக் கரையுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

யன்னலுக்கு எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினால் அறைக்குள் வெளிச்சம் கூடும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்தால் உள்ளே உடுப்பு மணக்காது.

பழஞ்சீலையில் திரைச்சீலை

ஆறு யார் சீலை ஒன்று பதினெட்டு அடி. ஏழு அடியாக இரண்டு துண்டு வெட்டினால் இரண்டு கதவுகளுக்குத் திரை ஆகும். மிஞ்சும் நான்கு அடியில் ஒரு யன்னலுக்கு அரைத்திரை தைக்கலாம். ஓர் அறையே வீடாக இருக்கும் இடத்தில், உடுப்பு மாற்றவும் வயதுக்கு வந்த பிள்ளை படிக்கவும் ஒரு மறைப்பு மிகப் பெரிய நிம்மதி. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடாவிட்டால் யன்னல் கம்பிகளுக்கிடையே நைலோன் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அடுப்பருகே மட்டும் நைலெக்ஸ் சீலை வேண்டாம். ஒரு பொறி பட்டாலே உருகிப் பற்றிக்கொள்ளும்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு சுளகோ, நீத்துப்பெட்டியோ, பனையோலைக் கடகமோ கொண்டுவரச் சொல்லுங்கள். பாவிக்காத நேரத்தில் சுவரில் மாட்டினால் அவையே அலங்காரம். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டும் பாடமும் அதுதான்.

படங்களை எங்கே வைப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. இறந்தவர் படத்துக்குப் பொட்டிட்டு மாலை போடுவது நம்மிடையே பலரது வழக்கம். ஆனால் பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தாய் மாலை போட மாட்டார். போட்டால் அவன் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். மாலையில்லாமல் மாட்டினாலோ வருகின்றவர் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். அதனாலேயே எத்தனையோ படங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா மகனின் படத்தை வாசலுக்குத் தெரியாமல், தான் படுத்தெழும்பும் பக்கச் சுவரில் வைத்திருக்கின்றார். "எழும்பினதும் அவன்ர முகத்திலதான் முழிக்கிறன். வெளியாட்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை" என்கின்றார். மாலை போடுவதா, எங்கே மாட்டுவதா என்பதை அந்தத் தாய் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். உறவினர் அவசரப்படுத்தக் கூடாது.

படத்தை ஸ்ரூடியோவில் பிரதி எடுத்து, மூலப்படத்தை ஆவணப் பையில் வையுங்கள். பிரதியைச் சட்டம் போடுங்கள். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு மட்டைத் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும், ஈரம் படத்தில் ஏறாது.

வாசலில் ஒரு பச்சை

மீன் மொத்தச் சந்தை 2011இல் பேலியகொடைக்கு வந்ததிலிருந்து ரெஜிபோம் பெட்டிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒன்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் பத்துப் பன்னிரண்டு துளை இடுங்கள். மண்ணும் மக்கிய குப்பையும் நிரப்பினால் பசளி, பொன்னாங்காணி, மிளகாய் எல்லாம் வளரும். கண்ணுக்கும் குளிர்ச்சி, கறிக்கும் உதவி.

போத்தலில் மணிபிளான்ற் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டு, போத்தலின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை போத்தலின் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

கடன்பட்டு அலங்கரிக்க வேண்டாம்

வடக்கு கிழக்கில் 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. குடும்பங்களே முன்னின்று கட்டின. கதவையும் யன்னலையும் தாங்களே தெரிந்தெடுத்ததில் பெண்களுக்குப் பெருமை இருந்தது. ஆனால் கையில் உள்ளதற்கு மேல் ஆசைப்பட்டுக் கடனில் விழுந்த குடும்பங்களும் உண்டு. வீடு தேடி வரும் நுண்கடன்காரரும், தவணைக்குச் சோபா தருபவரும் சிரித்த முகத்துடன்தான் வருவார்கள். தவணை தவறினால் அதே வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். மாதாமாதம் தவணைக்குப் பயந்து, அது வரும் நாளில் கதவைப் பூட்டிவிட்டு இருக்கும் வீட்டில் சோபாவால் என்ன சுகம்?

அனுபவிப்பதும் ஒரு வேலைதான்

வீட்டில் உங்களுக்கென்று ஓர் இடம் வையுங்கள். ஒரு கதிரையோ, பாயோ போதும். எல்லா வேலையும் முடிந்த பிறகு, பத்து நிமிடம் அங்கே இருந்து தேத்தண்ணீர் குடியுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் ஓடியோடிச் செய்ய வேண்டாம்.

குடிபுகும்போது பால் காய்ச்ச வசதிப்படாதவர்கள் இப்போதும் காய்ச்சலாம். நிறைகுடமோ, சுவாமியாரின் ஆசீர்வாதமோ, துஆவோ, அவரவர் முறைப்படி செய்து, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தையும் கூப்பிட்டுப் பாற்சோறு கொடுங்கள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தட்டப்போவது அவர்களின் கதவைத்தான்.

சகோதரிகளே, இந்த வாரம் ஒரு மூட்டையை அவிழுங்கள். பெட்டிக்குள் இருக்கும் அந்த நல்ல கோப்பையை வெளியே எடுங்கள். விருந்தாளிக்கென்று வைக்காமல் அதில் நீங்களே தேத்தண்ணீர் குடியுங்கள்.